உப்புக்காற்றில் மாதிரி ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. மாதிரி ரயில் போட்டால் தாங்குமா?

தாங்கும். மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று எந்த ஊராக இருந்தாலும் போடலாம். ஆனால் வெளியூர்க்காரர்கள் சொல்லும் பராமரிப்பு முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் சரிவராது. அவர்களுக்கு அழுக்கு என்றால் தூசியும் எண்ணெயும்தான். நமக்கு முதல் அழுக்கு உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு தானாகத் தண்ணீர் இழுத்துக் கசியத் தொடங்கும். திறந்து வைத்த உப்பு ஜாடி ஐப்பசியில் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, தண்டவாளத்தின் மேல் படிந்த உப்புக்கும் அதுதான் நடக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

எந்த அளவு வாங்குவது? ஹெச்ஓ-வா, என்-னா?

ஹெச்ஓ என்பது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. என் என்பது 160இல் ஒரு பங்கு, அகலம் 9 மி.மீ. இடம் குறைவாக இருந்தால் எல்லாரும் என் அளவைச் சொல்வார்கள். கடலோர வீட்டுக்கு, அதுவும் முதல் முறை என்றால், நாங்கள் ஹெச்ஓ-வைத்தான் சொல்வோம். இன்ஜின் கனமாக இருந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும், மெல்லிய அழுக்குப் படலத்தைத் தாண்டியும் மின்சாரம் எடுத்துவிடும். என் இன்ஜின் எடை குறைவு என்பதால் கொஞ்சம் உப்பு படிந்தாலே நின்றுவிடும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்.ஹெச்.பி. பெட்டியின் (இப்போதைய விரைவு ரயில்களின் பயணிகள் பெட்டி) நீளம் சுமார் 23.5 மீட்டர். ஹெச்ஓ-வில் அது 27 செ.மீ., என் அளவில் 14.7 செ.மீ. நீளமான பெட்டி வளைவில் அழகாகப் போக, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் இரண்டரை மடங்காவது வேண்டும். ஹெச்ஓ-வில் அதற்கு 68 செ.மீ. ஆரம், அதாவது ஐந்தடி அகலப் பலகை தேவைப்படும். சேது எக்ஸ்பிரஸ் மாதிரி முழு நீள ரயில் ஓட வேண்டும் என்ற ஆசைக்கு என் அளவுதான் வழி. துடைப்பதற்குச் சலித்துக்கொள்ளாதவர் அதை எடுக்கலாம். சரக்கு வண்டியும் குட்டைப் பெட்டிகளும் போதும் என்றால் ஹெச்ஓ.

நம் அகலப்பாதைக்குச் சரியான அகலத்தில் தண்டவாளம் கிடைக்குமா?

கடையில் கிடைக்காது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் விற்கும் 16.5 மி.மீ. தண்டவாளமோ 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. பெரும்பாலானோர் இந்தக் குறையைக் கண்டுகொள்வதில்லை, ஓடும்போது கண்ணுக்கும் தெரியாது. கணக்குச் சரியாக வர வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் பெட்டிகளையும் கட்டடங்களையும் 100இல் ஒரு பங்காகத் தாங்களே செய்து அதே 16.5 மி.மீ. பாதையில் விடலாம். அப்போது பாதை 1,650 மி.மீ.க்குச் சமம், கிட்டத்தட்ட அகலப்பாதைதான். 2007க்கு முந்தைய ராமேஸ்வரம் மீட்டர்கேஜ் பாதை வேண்டும் என்றால் ஹெச்ஓ அளவுக்கு 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

பலகை எப்படி அமைப்பது?

எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்று, 12 மி.மீ. கனம், ஐ.எஸ். 710 முத்திரை (மரைன் ப்ளைவுட்டுக்கு உரியது) உள்ளது. கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்தான் சார்' என்று வேறொன்றைக் காட்டுவார். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அடியில் 2 அங்குலத்துக்கு 1 அங்குலக் கட்டைச் சட்டம், 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கட்டை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வைத்தால் குனியாமல் துடைக்கலாம். கை எட்டும் தூரம் 75 செ.மீ.தான். நாலடிப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தப் பக்கத் தண்டவாளத்தைத் துடைக்கவே முடியாது. காலில் சக்கரம் மாட்டி இழுக்கும்படி வையுங்கள்.

ப்ளைவுட்டின் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பெயின்ட் அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்துக் கீழே விட்டால், கீழ்ப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். ஒரு கோட் மர பிரைமர், இரண்டு கோட் எண்ணெய் பெயின்ட், வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோட். திருகாணி எல்லாம் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும். சாதா இரும்பு ஆணி துருப்பிடித்துப் பெயின்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

438 மி.மீ. ஆர வளைவில் ஒரு நீள்வட்டம் இந்தப் பலகையில் தாராளமாக உட்காரும், மொத்தப் பாதை ஐந்தரை மீட்டர் அளவுக்கு வரும். பாதை மேல் பாதை போக வேண்டுமானால் 8 செ.மீ. ஏற வேண்டும். 50க்கு 1 என்ற ஏற்றத்தில் அதற்கு 4 மீட்டர் பாதை போய்விடும். எட்டடிப் பலகையில் அது வீண் முயற்சி, விட்டுவிடுங்கள்.

தண்டவாளம் எந்த உலோகம்?

நிக்கல் சில்வர். பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பழைய செட்களில் வரும் பித்தளைத் தண்டவாளம் மஞ்சளாக அழகாக இருக்கும், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்தக் காற்றில் சீக்கிரம் மங்கும், அந்தப் படலம் மின்சாரத்தை விடாது. இரும்புத் தண்டவாளம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டுமா?

வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் 15 டிகிரி வெப்பம் கூடினால் கால் மில்லிமீட்டர் நீளும். மார்கழிக் காலையில் போடுபவர் மீட்டருக்கு அரை மி.மீ. விட வேண்டும். சித்திரை மதியத்தில் போடுபவர் ஏறக்குறைய ஒட்டியே போடலாம், ஏனென்றால் அதற்கு மேல் அது நீளப் போவதில்லை. பழைய விசிட்டிங் கார்டு ஒன்றை இடையில் செருகி அளவு பாருங்கள், கிட்டத்தட்ட 0.3 மி.மீ. இருக்கும். வளைவில் மட்டும் இடைவெளி விடாமல், நேராக இருக்கும்போதே இரண்டு துண்டைப் பற்றவைத்துப் பிறகு வளையுங்கள். இல்லாவிட்டால் இணைப்பில் மூக்கு நீட்டிக்கொண்டு அங்கேயே வண்டி தடம் புரளும்.

பாதையை இறுக்கும் இரும்புப் பின்னை, ஜல்லி ஒட்டிக் காய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். துருக்கறை ஸ்லீப்பரில் ஊறுவதைத் தடுக்க வேறு வழியில்லை.

வயரிங்கில் கடலோரத்துக்கென்று தனி விஷயம் உண்டா?

உண்டு. இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கும் ஜாயினரை மின் இணைப்பாக நம்பாதீர்கள். அதன் உள்ளே உப்பு ஈரம் ஏறி ஆறேழு மாதத்தில் பச்சை பூத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இரண்டு நிறத்தில் சுற்றி வரட்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் 0.5 சதுர மி.மீ. வயர் ஒரு ஜோடி இறங்கி அதில் சேரட்டும். துண்டு ஒன்றுக்கு ஒரு ஜோடி என்பது வேலை அதிகம்தான், ஆனால் ஒரே ஒரு தடவை.

பற்றவைக்க 60/40 ஈயமும் ராசின் ஃப்ளக்ஸும் பயன்படுத்துங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் அமில ஃப்ளக்ஸ் நன்றாகப் பிடிக்கும், பிறகு அந்த இடத்தையே அரித்துத் தின்னும். இணைப்பின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிட்டால் காற்றுப் படாது.

பாதை பிரியும் இடமான பாயின்ட்டுகளில், நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டுத்தான் பல கம்பெனிப் பாயின்ட்டுகளில் மின்சாரம் போகிறது. அந்தத் தொடு இடம்தான் முதலில் கெடும். பாயின்ட் நகரும்போது கூடவே மாறும் ஒரு மைக்ரோ சுவிட்சை அடியில் வைத்து, நடு முனைக்கு (இரண்டு பாதையின் தண்டவாளங்களும் கூடும் கூர்முனை) மின்சாரத்தை அதன் வழியாகக் கொடுத்துவிடுங்கள்.

கடற்கரை மணலையே ஜல்லியாகப் போட்டால் என்ன? வாசலிலேயே இருக்கிறதே!

போடாதீர்கள். உப்பை நீங்களே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியது போலாகும். பத்துத் தண்ணீர் கழுவினாலும் கடல் மணலில் கருமணல் கலந்திருக்கும். அது காந்தத்தில் ஒட்டும், இன்ஜின் மோட்டாரில் இருப்பதும் காந்தம்தான். கியர் வழியாக உள்ளே போய் அரைக்கும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பாறையாக வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 1986 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது, பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொடவே கூடாது.

கிரஷர் பொடி ஒரு கிலோ வாங்கினால் இந்தப் பாதைக்கு மிஞ்சும். மாவு சல்லடையில் சலித்து நைஸ் பொடியைக் கழித்துவிடுங்கள். தங்கியதை டீ வடிகட்டியில் சலித்தால் கீழே விழுவது ஹெச்ஓ ஜல்லிக்குச் சரியான அளவு. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவி எடுங்கள்.

ஒட்டும்போது முதலில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும், கால் லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக. இங்கே ஒரு எச்சரிக்கை: கலக்கும் தண்ணீர் போர்த்தண்ணீராக இருக்கக் கூடாது. நம் பக்கத்துப் போர்த்தண்ணீர் உவர், காய்ந்த பிறகு ஜல்லி மேல் வெள்ளை பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணீர் எடுங்கள். வைகாசியில் ஒரு நாளில் காயும், கார்த்திகையில் இரண்டு நாள் பொறுங்கள். பாயின்ட் நாக்குப் பக்கம் ஒட்டவே வேண்டாம்.

பாம்பன் பாலத்தை வைக்க ஆசை. முடியுமா?

முழுதாக முடியாது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம், ஹெச்ஓ-வில் 23 மீட்டரைத் தாண்டும், கல்யாண மண்டபம் வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், ஹெச்ஓ-வில் 83 செ.மீ. மற்ற கண்கள் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், அது 21 செ.மீ. தூக்குப் பகுதிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று கண் வைத்தால் 2.1 மீட்டர். நீள்வட்டப் பலகையின் நேர்ப்பகுதி சுமார் 1.4 மீட்டர்தான் என்பதால் இது சுவரோரத் தட்டுப் பலகைக்குத்தான் பொருந்தும். என் அளவில் இதே பாலம் 1.14 மீட்டரில் முடிந்துவிடும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் இரண்டு இலைகளும் (நடுவில் பிரியும் இரண்டு பாதிகள்) உருண்டபடி எழும்பும் வகை. பார்க்க அதுதான் அழகு, செய்யக் கஷ்டமும் அதுதான். நேராக மேலே போகும் புதிய பாலம் எளிது.

தூக்குப் பகுதி 17 மீட்டர் எழும்புவதை ஹெச்ஓ-வில் காட்ட 19.5 செ.மீ. போதும். 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 6 சுற்று. அதில் 20 மி.மீ. விட்டமுள்ள உருளை மாட்டினால் சுற்றுக்கு 63 மி.மீ., மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேல், அரை நிமிடத்தில் மேலே போய்விடும். இரண்டு கோபுரத்திலும் எதிரெடை தொங்க வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுதான் இதற்குக் கச்சிதம் (தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்). தூக்குப் பகுதி 400 கிராம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 180 கிராம் போதும், மிச்ச 40 கிராம்தான் பாலத்தைக் கீழே அழுத்தி உட்கார வைக்கும். கயிற்றுக்குத் தங்கூசி (ஒற்றை இழை நைலான் தூண்டில் நரம்பு) கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கும், ஆனால் அது இழுபட்டு நீளும். நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்காது. பின்னிய வகைத் தூண்டில் நூல் வாங்குங்கள். தங்கூசியைத் தந்திக்கம்பங்களின் கம்பியாக ஓட்டிக்கொள்ளலாம், 0.2 மி.மீ. போதும்.

பாலம் மேலே இருக்கும்போது ரயில் கடலில் விழாமலிருக்க, பாலம் முழுதாக உட்கார்ந்தால் மட்டும் அமுங்கும் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, இரண்டு பக்கமும் 60 செ.மீ. பாதைக்கான மின்சாரத்தை அதன் வழியாகக் கொடுங்கள். சுவிட்ச், உள்ளே காற்றுப் புகாதபடி உறை மூடிய வகையாக இருக்கட்டும். தூக்குப் பகுதித் தண்டவாளத்துக்குத் தனியாக வளையும் வயர் விடுங்கள், முனை தொட்டு மின்சாரம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வண்டி நின்று நின்று போகிறது. தண்டவாளமா, சக்கரமா, வயரா?

எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் தண்டவாளம் அல்லது இணைப்பு. எங்கெங்கோ நின்றால் சக்கரம். போகப் போக மெதுவாகி, கன்ட்ரோலர் பக்கம் வந்ததும் வேகம் எடுத்தால் வயர்.

வயரைச் சோதிக்க வெறும் மல்டிமீட்டர் போதாது, சுமை இல்லாதபோது கெட்ட இணைப்பும் 12 வோல்ட் காட்டும். பைக் பார்க்கிங் லைட்டின் 12 வோல்ட் 5 வாட் பல்பை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து அளவெடுங்கள். அது 0.4 ஆம்பியர் இழுக்கும், ஒரு இன்ஜின் இழுக்கும் அளவுதான். கன்ட்ரோலர் அருகில் இருப்பதைவிட அரை வோல்டுக்கு மேல் குறைந்தால் அந்த இடத்துக்கு முந்தைய இணைப்பு கெட்டிருக்கிறது. டிசிசி (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருப்பவர்கள் பாதையின் கடைக்கோடியில் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். உடனே சர்க்யூட் விழ வேண்டும், விழாவிட்டால் வயர் மெலிது.

தண்டவாளம் ஏன் கருப்பாகிறது?

சக்கரம் அழுக்கின் மேல் ஏறும்போது ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குத் தொடர்பு விட்டுப் பொறி பறக்கும். அந்தப் பொறி உலோகத்தைக் கருக்குகிறது. கருப்பு இன்னும் பொறியைக் கூட்டும். முதல் அழுக்கு உப்பாகவும் இருக்கலாம், சமையலறைத் தாளிப்புப் புகையாகவும் இருக்கலாம். மீன் வறுக்கும் எண்ணெய் ஆவி, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாமே தண்டவாளத்தில் பிசுக்காகப் படியும்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் தண்டவாளத்தோடு தண்டவாளமாகப் படுக்க வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டது போல வெள்ளை மங்கல் தெரிந்தால் உப்பு. தண்ணீரில் பெட்ரோல் சிந்தியது போல வானவில் தெரிந்தால் எண்ணெய். கடுகு உடைத்துத் தூவியது போலக் கரும்புள்ளி இருந்தால் பொறி பட்ட வடு.

சரி, எப்படித் துடைப்பது?

வரிசை முக்கியம். ஸ்பிரிட்டோ டர்பன்டைனோ உப்பைக் கரைக்காது. அதை வைத்து முதலில் துடைத்தால் எண்ணெய் போகும், உப்பு இடம் மாறி உட்காரும், மறுநாள் காலையில் பழைய கதை. அதனால்:

முதலில் கரண்டை அணைத்து, இரண்டங்குல மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும்.

அடுத்து தண்ணீர். ஐந்துக்கு மூன்று செ.மீ. ஹார்டுபோர்டுத் துண்டின் மேல் பழைய வேட்டித் துணியை இறுகச் சுற்றி, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, ஒரு சொட்டும் வராமல் பிழியுங்கள். தண்டவாளத் தலையையும் உள் ஓரத்தையும் ஒரு மீட்டர் துடைத்துத் துணியைத் திருப்புங்கள். பின்னாலேயே இன்னொரு காய்ந்த துணி போக வேண்டும். பத்து நிமிடம் மின்விசிறி.

கடைசியாகத்தான் கரைப்பான். மணமில்லாத மினரல் டர்பன்டைன் நான்கைந்து சொட்டைத் துணியில் விட்டுத் துடைத்து, மறுபடி காய்ந்த துணி. ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். முழுதாக உலர்ந்த பிறகே கரண்ட்.

எட்டடிப் பலகைக்கு இருபது நிமிடம் ஆகும்.

ஸ்பிரிட், மண்ணெண்ணெய், தின்னர், உப்புத்தாள்?

ஐசோபிரொபைல் ஸ்பிரிட் அவசரத்துக்கு ஆகும், ஆனால் அது துடைத்த தண்டவாளம் டர்பன்டைன் துடைத்ததைவிடச் சீக்கிரம் கருக்கிறது என்பது பலரின் அனுபவம். பழைய நீல மண்ணெண்ணெய் வாசனையும் பிசுக்கும் விட்டுவிட்டுப் போகும். பெயின்ட் கடைத் தின்னர் ஸ்லீப்பரின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடும் ஒவ்வொரு கீறலும் அடுத்த உப்புக்கு ஒரு வாய்க்கால். விடாத கரும்புள்ளிக்குப் பேனா மையழிக்கும் ரப்பரை லேசாகத் தேய்த்துப் பொடியைத் தட்டிவிடுங்கள். இன்ஜினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் கியர் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை என்று குப்பியில் எழுதிய மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் எடுக்கும் அளவு. மிஞ்சினால் அதுவும் தண்டவாளத்துக்குத்தான் வரும்.

சக்கரம்?

காகிதத் துவாலையை டர்பன்டைனில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் துவாலையிலும் மறுமுனைச் சக்கரங்கள் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்து ஓட்டுங்கள். கருங்கோடு விழும். கோடு வெளுக்கும்வரை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜினைத் திருப்பி மறுமுனை. ரப்பர் வளையம் உள்ள சக்கரத்தில் மட்டும் டர்பன்டைன் படக் கூடாது, அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை உருட்டி உருட்டிப் பாதை முழுக்கப் பரப்பும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணல் வீட்டுக்குள்ளேயே வரும். அப்போது ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்ணீர்த் துணி, வாரம் ஒருமுறை முழுத் துடைப்பு. வாடை வீசும் மழைக்காலத்தில் தூசி குறைவு, ஈரம் அதிகம். ஓட்டாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

ஆறு பி பென்சிலைத் தண்டவாளத்தில் தேய்க்கச் சொல்கிறார்களே?

கிராஃபைட் பொறியைக் குறைக்கும், உண்மைதான். மூன்று படியும் துடைத்து உலர்ந்த பிறகு, உள் ஓரத்தில் மீட்டருக்கு ஒரு இடம், மூன்று செ.மீ. நீளம், ஒரே ஒரு இழுப்பு. ஏற்றத்தில் வேண்டாம், சக்கரம் வழுக்கும். உப்பு மேல் தேய்த்தால் பயனில்லை.

ஏசி அறையில் வைத்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?

பாதி தீரும், புதுசாக ஒன்று வரும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராக இறங்கும். 24 டிகிரியில் குளிர்ந்திருக்கும் தண்டவாளத்தின் மேல் ஏசியை அணைத்ததும் ஜன்னலைத் திறந்தால் பனி பிடித்துவிடும். ஏசியை அணைக்கும் முன் பலகையை மூடுங்கள், அரை மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறங்கள்.

பல்லி, எறும்பு?

பல்லி எச்சம் உலோகத்தை அரிக்கும், பார்த்த அன்றே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். ட்யூப்லைட்டைப் பலகைக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், பூச்சிக்குப் பல்லி, பல்லிக்குக் கீழே தண்டவாளம். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு மேசைக்காலில் மட்டும் போடுங்கள். ஓட்டும்போது பலகை மேல் முறுக்குத் தட்டு வேண்டாம்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். எப்படி வைத்துவிட்டுப் போவது?

தண்ணீர், டர்பன்டைன் இரண்டாலும் துடைத்து உலரவிட்டு, பலகை முழுக்கப் பருத்தி போர்வை, அதன் மேல் தார்ப்பாய். தார்ப்பாயை மட்டும் போட்டால் உள்ளே வேர்க்கும். இன்ஜின்களைக் கழற்றிக் காற்றுப்புகா டப்பாவில், ஒவ்வொன்றிலும் 25 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் பச்சையாகியிருந்தால் ஈரம் குடித்துவிட்டது. அடுப்பில் மிதமான சூட்டில் வாணலியில் புரட்டினால் ஆரஞ்சுக்குத் திரும்பும், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கன்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி மின்னல் மாதங்களில் அது கட்டாயம். திரும்பி வந்ததும் இன்ஜினை எடுத்து வைக்கும் ஆசையை அடக்கி, முதலில் டார்ச்சைப் படுக்க வைத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள்.